கிளினிக் வரிசை ஏன் குறையவில்லை? முன்கண்டறிதல் சேவைகளைக் கணினி உருவகப்படுத்தலால் திட்டமிடும் முறை

புதிய பரிசோதனைக் கருவி வந்துவிட்டது. கிளினிக்குக்குக் கூடுதலாக ஒரு நாளும் அறிவித்தாயிற்று. ஆனாலும் காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வந்து நம்பர் எடுத்தவர் பதினொன்றரைக்குத்தான் வெளியே வருகிறார். மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறைப் பக்கம் இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் விளக்கம் "ஆள் போதாது" என்பதுதான். அது பொய்யில்லை. ஆனால் எந்த மேசையில், எந்த மணிக்கு, எத்தனை பேர் போதாது என்று கேட்டால் பதில் நின்றுவிடும். கணினி உருவகப்படுத்தல் அந்த இடத்தில்தான் உதவுகிறது. பெயரைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. இதன் அடிப்படையை ஒரு தாளிலும் பென்சிலிலுமே காட்டிவிடலாம்.

முதலில் சில சொற்கள்

முன்கண்டறிதல் பரிசோதனை, அதாவது ஸ்கிரீனிங், நோய்க்குறி எதுவும் இல்லாதவரைக் கூப்பிட்டுப் பார்ப்பது. இலங்கையில் 2011இல் தொடங்கிய ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் 35 வயதைத் தாண்டியவர்களுக்கு உயரம், எடை, இரத்த அழுத்தம், இரத்தச் சீனி முதலியவற்றைப் பார்த்து மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைக் கணிக்கிறார்கள். சுகவனிதையர் கிளினிக்கில் 35, 45 வயதுப் பெண்களைக் குறிவைத்துக் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை நடக்கிறது. நீரிழிவுக்காரரின் விழித்திரையைப் படம் எடுப்பதும் இதே வகைதான்.

கொள்ளளவு என்பது ஒரு சேவை குறித்த நேரத்தில் எத்தனை பேரைப் பார்த்து முடிக்கும் என்பது. பயன்பாட்டு வீதம் என்பது ஒரு மேசையோ ஆளோ வேலை செய்யக்கூடிய நேரத்தில் எத்தனை சதவீதம் உண்மையில் வேலையாக இருக்கிறது என்பது. நிஜ ஒழுங்கை அப்படியே பிரதிசெய்யும் கணக்குக்கு மாதிரியுரு என்று பெயர். அந்த மாதிரியுருவுக்குள் கற்பனை ஆட்களை அனுப்பி, கடிகாரத்தை ஓடவிட்டு, என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் உருவகப்படுத்தல். கிளினிக்குகளுக்குப் பெரும்பாலும் பொருந்துவது தனிநிகழ்வு உருவகப்படுத்தல். இதில் கடிகாரம் நிமிடம் நிமிடமாக நகராது. "ஒருவர் வந்தார்", "ஒருவருக்கு முடிந்தது" என்று நிகழ்விலிருந்து நிகழ்வுக்குத் தாவும்.

பென்சிலால் ஒரு உருவகப்படுத்தல்

பிரஷர் பார்க்கும் மேசை ஒன்று, ஆறு பேர் என்று வைத்துக்கொள்வோம். வந்த நேரம் 8:00, 8:02, 8:04, 8:15, 8:17, 8:36. அதே வரிசையில் ஒவ்வொருவருக்கும் எடுத்த நேரம் 5, 9, 6, 4, 8, 4 நிமிடம்.

சராசரியைப் பார்த்தால் 7.2 நிமிடத்துக்கு ஒருவர் வருகிறார், ஒருவருக்கு 6 நிமிடம் போகிறது. எக்செல் தாளில் இதைப் போட்டால் "யாரும் காத்திருக்க வேண்டியதில்லை, மேசையில் இடம் மிச்சம்" என்றுதான் வரும். இப்போது கடிகாரத்தை ஓட்டுவோம்.

1. முதலாமவர் 8:00க்கு உட்கார்ந்து 8:05க்கு எழும்புகிறார். காத்திருப்பு இல்லை.
2. இரண்டாமவர் 8:05 முதல் 8:14 வரை. காத்திருப்பு 3 நிமிடம்.
3. மூன்றாமவர் 8:14 முதல் 8:20 வரை. காத்திருப்பு 10.
4. நாலாமவர் 8:20 முதல் 8:24 வரை. காத்திருப்பு 5.
5. ஐந்தாமவர் 8:24 முதல் 8:32 வரை. காத்திருப்பு 7.
6. மேசை 4 நிமிடம் சும்மா கிடக்கிறது. ஆறாமவர் 8:36க்கு வந்து உடனே உட்கார்ந்து 8:40க்கு முடிக்கிறார்.

மொத்தக் காத்திருப்பு 25 நிமிடம். கூடவே மேசையும் 4 நிமிடம் சும்மா இருந்திருக்கிறது. ஆள் காத்திருப்பதும் மேசை காத்திருப்பதும் ஒரே காலையில் நடக்கின்றன. சும்மா கிடந்த அந்த நாலு நிமிடத்தை எடுத்து 8:10க்குக் கொண்டுபோய் வைக்க முடியாது. சராசரிக் கணக்கு அப்படி வைக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறது.

இன்னொன்று செய்து பாருங்கள். இரண்டாமவருக்கு அழுத்தம் உயர்ந்திருக்கிறது, கொஞ்சம் இருத்திவைத்து மறுபடி அளக்கிறார்கள். 9 நிமிடம் 15 ஆகிறது. பிந்தியது 6 நிமிடம் மட்டும். ஆனால் பின்னால் இருப்பவர்களின் காத்திருப்பு 16, 11, 13, 2 என்று மாறி, இரண்டாமவரின் 3 நிமிடத்தோடு மொத்தம் 45 நிமிடம் ஆகிவிடுகிறது. ஒரு மேசையில் ஆறே பேருக்கு இந்த நிலை. ஐந்து மேசை, அறுபது பேர், பஸ் வந்து இறங்கும்போது ஒரே நேரத்தில் எட்டுப் பேர் என்றால் பென்சில் போதாது, கணினி வேண்டும். மற்றபடி கணினி செய்யும் வேலையும் இதேதான்.

நிரம்ப நிரம்ப வரிசை எகிறும்

ஒரு வைத்தியர், ஒருவருக்குச் சராசரி 8 நிமிடம், நாலு மணி நேர கிளினிக். 25 பேர் என்றால் 200 நிமிடம். 240இல் அது 83 சதவீதம். நிர்வாகத்தின் கண்ணுக்கு இன்னும் ஐந்து பேரைச் சேர்க்க இடமிருப்பதாகத் தெரியும். 1909இல் கோபன்ஹேகனில் தொலைபேசி இணைப்புகளுக்காக எர்லாங் தொடங்கிவைத்த வரிசைக் கோட்பாடு வேறு கதை சொல்கிறது. வருகையும் பரிசோதனை நேரமும் ஒழுங்கின்றி ஏறி இறங்கும் ஒற்றை மேசைக்குச் சராசரிக் காத்திருப்பு இப்படி வரும்:

- பயன்பாடு 50 சதவீதம்: 8 நிமிடம்
- 80 சதவீதம்: 32 நிமிடம்
- 90 சதவீதம்: 72 நிமிடம்
- 95 சதவீதம்: 152 நிமிடம்

கணக்கு எளிது. பயன்பாட்டு வீதத்தை மிச்சமிருக்கும் வீதத்தால் வகுத்து, ஒருவருக்கு எடுக்கும் நேரத்தால் பெருக்க வேண்டும். 90ஐ 10ஆல் வகுத்தால் 9. 8ஆல் பெருக்கினால் 72. வைத்தியர் எல்லோருக்கும் சரியாக 8 நிமிடமே எடுத்தால் இந்தக் காத்திருப்புப் பாதியாகும். அதாவது வேகத்தைக் கூட்டாமல், ஏற்ற இறக்கத்தைக் குறைத்தாலே வரிசை சுருங்கும்.

தனித்தனி வரிசையைப் பொது வரிசை ஆக்கினாலும் ஆதாயம் பெரிது. 80 சதவீதம் நிரம்பிய இரண்டு பிரஷர் மேசைகள், ஒருவருக்கு 6 நிமிடம், ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை என்றால் சராசரிக் காத்திருப்பு 24 நிமிடம். அதே இரண்டு மேசைக்கும் ஒரே வரிசை வைத்தால் 11 நிமிடத்துக்குள் வந்துவிடும். ஒரு சதமும் செலவில்லை. ஆனால் நம் பக்கத்தில் ஆண், பெண் வரிசை தனியாக இருப்பது வழக்கம். மார்பகப் பரிசோதனைக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்கும் அதை மாற்றப்போவதில்லை, மாற்றவும் கூடாது. நம்பர் கொடுக்கும் இடத்தையும் உயரம், எடை பார்க்கும் இடத்தையும் பொதுவாக்கலாமா என்பதை அந்தந்த ஊர்தான் சொல்ல வேண்டும். மாதிரியுருவில் இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்துவிட்டு ஊராருடன் பேசினால், எத்தனை நிமிடத்துக்காக இதைக் கேட்கிறோம் என்பதாவது கையில் இருக்கும்.

சூத்திரமே இருக்கும்போது உருவகப்படுத்தல் எதற்கு? மேலே சொன்ன சூத்திரம் நாள்கணக்கில் ஓயாமல் ஓடும் வரிசைக்கானது. நம் கிளினிக் எட்டு மணிக்குத் திறந்து பன்னிரண்டுக்கு மூடும். திறக்கும் முன்னரே இருபது பேர் வாசலில் நிற்பார்கள். சூத்திரத்துக்கு அந்த இருபது பேரும் தெரியாது, எட்டு நாற்பதுக்கு வரும் வைத்தியரையும் தெரியாது.

மாதிரியுரு கட்டும் ஒழுங்கு

1. கேள்வியை எழுதுங்கள். "கிளினிக்கை மேம்படுத்துவது" கேள்வியாகாது. "இரண்டாவது தாதியைக் காலை 8 முதல் 10 வரை எந்த மேசையில் இருத்தினால் பத்தில் ஒன்பது பேர் இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறுவார்கள்?" என்பது கேள்வி.

2. ஒருவரின் பாதையை வரையுங்கள். பதிவு, விரல் நுனி இரத்தம், உயரம் எடை, பிரஷர், வைத்தியர், ஆலோசனை. யார் எங்கே கிளை பிரிகிறார், யார் திரும்பி வருகிறார் என்பதையும் குறிக்க வேண்டும். இந்தத் தாளைக் கிளினிக்கில் வேலை செய்யும் தாதியிடமும் மிட்வைபிடமும் காட்டினால் முதல் ஐந்து நிமிடத்திலேயே இரண்டு பிழை அகப்படும். உருவகப்படுத்தலின் பாதிப் பயன் இந்தத் தாளிலேயே கிடைத்துவிடுகிறது என்பது என் கணிப்பு.

3. நேரத்தை அளங்கள். செலவில்லாத வழி ஒரு துண்டுச் சீட்டு. வாசலில் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, ஒவ்வொரு மேசையிலும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் இரண்டையும் எழுதச் சொல்ல வேண்டும். ஒரு மேசைக்கு 50 முதல் 100 அளவீடு இருந்தால் நேரம் எப்படிப் பரவுகிறது என்பது தெரியத் தொடங்கும். வந்த நேரத்தை வாசலில்தான் குறிக்க வேண்டும். பதிவு மேசையில் குறித்தால் அதற்கு முன்பு நின்ற வரிசை கணக்கிலிருந்து காணாமல் போய்விடும். அடிக்கடி நடக்கும் தவறு இது.

4. சராசரியைப் போடாமல் பரவலைப் போடுங்கள். பரிசோதனை நேரங்களின் வால் பெரும்பாலும் வலப்பக்கம் நீளும். அனேகருக்கு ஐந்து நிமிடம், யாரோ ஒருவருக்கு இருபது. அளவீடு கிடைக்காத இடத்தில் குறைந்தது, வழக்கமானது, கூடியது என்று மூன்று எண்ணைக் கேட்டு முக்கோணப் பரவலாக வைப்பார்கள். அதில் ஒரு குழி உண்டு. "கூடினது எவ்வளவு நேரம்?" என்று கேட்டால் மனிதர்கள் பெரும்பாலும் குறைத்தே சொல்வார்கள்.

5. வளங்களை உண்மையாக எழுதுங்கள். ஒரே தாதி இரத்தமும் எடுத்துப் பிரஷரும் பார்த்தால் மாதிரியுருவில் இரண்டு தாதி இருக்கக் கூடாது. வைத்தியர் வார்டுக்குக் கூப்பிடப்படுவது, குளுக்கோமீற்றர் பட்டி தீர்ந்துபோவது, கரண்ட் போவது எல்லாம் உள்ளே வரவேண்டும்.

6. இன்று நடப்பதை முதலில் ஓட்டிப் பாருங்கள். சீட்டில் உள்ள காத்திருப்புக்கும் மாதிரியுரு தரும் காத்திருப்புக்கும் வெகு தூரம் இருந்தால், மாற்று யோசனைகளை ஓட்டுவதில் பொருளில்லை.

தேநீர்க் கடையும் ஒரு நிலையம்

வெறும் வயிற்று இரத்தம் எடுத்ததும் மக்கள் செய்வது என்ன? எதிரே உள்ள கடைக்குப் போவது. எட்டு மணி நேரத்துக்கும் மேலாகச் சாப்பிடாதவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தேநீர், கோப்பி குடித்தவருக்கு அரை மணி நேரம் கழித்துத்தான் இரத்த அழுத்தம் அளக்க வேண்டும். அளக்கும் முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்கவும் வேண்டும். ஆகவே இரத்தம் முதலில், பிரஷர் பிறகு என்ற ஒழுங்கு பாதையின் நடுவே அரை மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளியை ஒளித்து வைத்திருக்கிறது. ஒன்பதரைக்கு வைத்தியர் மேசையில் ஆளில்லாமல் இருப்பதும், பத்தரைக்கு எல்லோரும் ஒன்றாக வந்து குவிவதும் இதனால் இருக்கலாம். பிரஷரை முன்னால் கொண்டுவந்து இரத்தத்தைப் பின்னால் தள்ளினால், ஐந்து நிமிட ஓய்வை வரிசையில் இருந்தபடியே கழித்துவிடலாம். ஆனால் பிரஷர் மேசை மெதுவானது; அப்போது பசியோடு இருப்பவர் இன்னும் நேரம் பசித்திருக்க வேண்டும். எது மேல் என்பதை வாதாடித் தீர்க்காமல் இரண்டையும் ஓட்டிப் பார்க்கலாம்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய வேறுபாடு, தாமதமும் சேவையும் ஒன்றல்ல என்பது. நீரிழிவுக்காரரின் கண்ணில் பாவை விரிய மருந்து விட்டால் சுமார் 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் எந்தத் தாதியும் வேலையாக இல்லை. வேண்டியது கதிரை மட்டும். பத்துப் பேர் ஒன்றாக விரியலாம். இதை 20 நிமிட "சேவை" என்று மாதிரியுருவில் எழுதினால், இல்லாத ஆள் பற்றாக்குறையைக் கணினி கண்டுபிடித்துத் தரும்.

நேரம் ஒதுக்கிக் கொடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. எல்லோருக்கும் "காலை எட்டு மணி" என்று எழுதுவது ஒதுக்கீடு ஆகாது. 1952இல் நோர்மன் பெய்லி வெளிநோயாளர் கிளினிக்குகளை ஆராய்ந்து சொன்ன வழி இன்றும் நல்ல தொடக்கம்: தொடக்கத்தில் இருவரை ஒன்றாக வரச்சொல்லிவிட்டு, பிறகு சராசரி ஆலோசனை நேர இடைவெளியில் ஒவ்வொருவராகக் கூப்பிடுவது. வைத்தியரும் சும்மா இருக்கமாட்டார், வரிசையும் வீங்காது. ஆனால் இது ஆட்கள் நேரத்துக்கு வரும் ஊருக்கானது. படுவான்கரையிலிருந்து காலையில் ஓடும் ஒரே பஸ்ஸில் வருபவருக்கு 10:20 என்று நேரம் கொடுத்துப் பயனில்லை. அந்த பஸ் எட்டுப் பேரை ஒன்றாக இறக்குகிறதென்றால் மாதிரியுருவிலும் எட்டுப் பேர் ஒன்றாகத்தான் இறங்க வேண்டும்.

ஒரு தடவை ஓட்டியது விடையல்ல

ஒரு ஓட்டம் ஒரு காலைக்குச் சமம். அதிர்ஷ்டமான காலையும் இருக்கும், கெட்ட காலையும் இருக்கும். பத்து ஓட்டம் ஓட்டினீர்கள், சராசரிக் காத்திருப்பின் நியம விலகல், அதாவது ஓட்டத்துக்கு ஓட்டம் விடை சிதறும் அளவு, 12 நிமிடம் என்றால், உங்கள் விடை கிட்டத்தட்ட 9 நிமிடம் மேலேயோ கீழேயோ இருக்கலாம். அதை 3 நிமிடத்துக்குள் இறுக்க ஏறத்தாழ 65 ஓட்டம் வேண்டும். இரண்டு யோசனைகளை ஒப்பிடும்போது இரண்டுக்கும் அதே எழுமாற்று எண்களைக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அதே மக்கள் அதே நேரத்தில் இரண்டு ஒழுங்குக்குள்ளும் போனது போலாகும்.

முடிவைச் சராசரியாகச் சொல்லாமல், "பத்தில் ஒன்பது பேர் இத்தனை நிமிடத்துக்குள்" என்று சொல்வது நல்லது. மக்கள் மனதில் நிற்பது அந்தப் பத்தாவது ஆளின் காத்திருப்புத்தான்.

வரிசை இடம் மாறுகிறது

முன்கண்டறிதலில் கொள்ளளவு கிளினிக் வாசலோடு முடிவதில்லை. 1968இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் எழுதிய கோட்பாடுகளில் ஒன்று, நோயை உறுதிப்படுத்தவும் சிகிச்சை அளிக்கவும் வசதி இருக்க வேண்டும் என்பது. நடைமுறையில் இதுதான் முதலில் உடைகிறது.

ஒரு கணக்கு, எண்கள் உதாரணத்துக்கு மட்டும். கருப்பைக் கழுத்தை உருப்பெருக்கிப் பார்க்கும் கொல்போஸ்கோப்பி கிளினிக்கில் வாரம் 6 இடம். வழக்கமாக வாரம் 4 பேர் அனுப்பப்படுகிறார்கள். விழிப்புணர்வு மாதம் என்று பந்தல் போட்டு 8 வாரம் பரிசோதனை நடத்தியதில் அது வாரம் 9 ஆகிறது. வாரம் 3 பேர் மிச்சம், 8 வாரத்தில் 24 பேர். இயக்கம் முடிந்த பிறகு வாரம் 2 இடமே உபரி, ஆகவே தேக்கம் கரைய 12 வாரம். எட்டு வார உற்சாகத்துக்கு மூன்று மாத நிலுவை. அந்த மூன்று மாதமும் "உங்கள் ரிப்போர்ட்டில் ஏதோ இருக்கிறது" என்று சொல்லப்பட்ட பெண்கள் வீட்டில் காத்திருக்கிறார்கள். பந்தல் போடும் முன்பே ஓட்டிப் பார்த்திருந்தால் இயக்கத்தை நீண்ட காலத்துக்குப் பரப்பியிருக்கலாம், அல்லது அந்த எட்டு வாரத்துக்கு மட்டும் ஒரு கிளினிக்கைக் கூட்டியிருக்கலாம்.

ஆண்டுத் தேவையும் இப்படித்தான் ஏமாற்றும். ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவில் 35 வயதுக்கு மேல் 30,000 பேர் என்று வைப்போம். எல்லோரையும் 3 ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பதென்றால் ஆண்டுக்கு 10,000. ஐம்பது வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 200 பேர், 25 பேர் கொண்ட 8 அமர்வு. ஆனால் ஐந்தில் ஒருவருக்கு அபாயம் தெரிந்து ஆண்டுதோறும் வரச்சொன்னால்? 6,000 பேர் ஆண்டுதோறும், மீதி 24,000 பேர் மூன்றில் ஒரு பங்காக 8,000, ஆக 14,000. வாரம் 280 பேர், 12 அமர்வு. கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க வேலை கூடும் சேவை இது. முதலாண்டுப் புள்ளியை வைத்து ஐந்தாம் ஆண்டுக்கு ஆள் கேட்டால் போதாமல் போவது இதனால்தான்.

இனி ஐம்பது வாரம் என்பதே நம் பக்கத்தில் கற்பனை. கார்த்திகை, மார்கழி மழையில் வெல்லாவெளி, மண்டூர்ப் பக்கம் தெருக்களில் தண்ணீர் ஏறினால் கிளினிக் திறந்திருந்தும் ஆள் வராது. பெரும்போக அறுவடையில் வயல்காரர் வரமாட்டார். நோன்பு மாதத்தில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் வருகையின் நேரமே மாறும். 44 வாரம்தான் கைக்கு வரும் என்று போட்டால் அதே 14,000 பேருக்கு வாரம் 318, அதாவது 13 அமர்வு. வெள்ளத்தில் தவறியவர்கள் தை பிறந்ததும் ஒன்றாக வருவார்களா, அடுத்த ஆண்டுவரை மறந்துவிடுவார்களா என்பதையும் மாதிரியுருவில் ஒரு விதியாக எழுத வேண்டும். இரண்டுக்கும் விடை வேறு.

அம்பாறை மாவட்டத்தில் இன்னொரு சிக்கல். சுகாதார நிர்வாகத்தில் அது அம்பாறை, கல்முனை என்று இரண்டு பிராந்தியப் பணிப்பாளர் பிரிவுகள். பரிசோதனை ஒரு பிரிவில் நடந்து, அனுப்பிவைக்கும் வைத்தியசாலை மற்றதில் இருந்தால், எந்தக் கணக்கிலும் முழுப் பாதை தெரியாது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போகிறவர் மாவட்டத்தையே தாண்டுகிறார். மாதிரியுருவின் எல்லையை நிர்வாக எல்லையில் வெட்டக் கூடாது. நோயாளர் போகும் வழியில் வெட்ட வேண்டும்.

எதில் செய்வது

பைத்தன் தெரிந்தவருக்கு சிம்பை, ஆர் மொழி தெரிந்தவருக்கு சிம்மர், படம் இழுத்து வைத்துச் செய்ய விரும்புபவருக்கு ஜாம்சிம். மூன்றும் இலவசம். காசுள்ள நிறுவனங்கள் அரீனா, சிமுல்8, எனிலொஜிக் வாங்குகின்றன. ஒற்றைக் கிளினிக்குக்கு சிம்பையில் இருநூறு வரிக்குள் எழுதிவிடலாம். நேரம் எல்லாம் சீட்டுச் சேகரிப்பதில்தான் போகும். திரையில் குட்டி மனிதர்கள் நடந்துபோகும் அசைபடம் கூட்டத்தில் காட்ட அழகாக இருக்கும். அதைப் பார்த்து மாதிரியுரு சரி என்று தலையாட்டக் கூடாது.

எங்கே சறுக்கும்

தாதி எட்டு மணிக்குக் கதிரையில் இருப்பார் என்று எழுதுவது. எட்டு மணிக்குக் கதவு திறக்கிறது, கருவி எடுத்து வைத்து, பதிவேடு கோடு போட்டு, முதல் ஆள் உட்காரும்போது எட்டேகால். நாலு மணி நேரத்தில் கால் மணி என்பது 6 சதவீதம்; 90 சதவீதப் பயன்பாட்டில் ஓடும் மேசைக்கு அது பெரிய இழப்பு.

வந்தவரை மட்டும் எண்ணுவது. வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர், கூலி போகும் என்று வராமலே விட்ட ஆண்கள், இவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. மாலையிலோ ஞாயிறிலோ ஒரு அமர்வு வைத்தால் யார் வருவார்கள் என்பதைப் பழைய பதிவேடு சொல்லாது. சில வாரம் நடத்திப் பார்த்து, அந்த எண்ணைத்தான் மாதிரியுருவுக்குள் போட வேண்டும்.

நெருக்கடி மேசையைத் தீர்த்துவிட்டு நிறுத்திக்கொள்வது. பிரஷர் மேசையில் இரண்டாவது ஆளை இருத்தினால் அங்கு நின்ற வரிசை வைத்தியர் வாசலுக்குப் போகும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எல்லா மேசைகளின் பயன்பாட்டையும் சேர்த்துப் பார்க்காவிட்டால், கருவி வாங்கிய செலவில் வரிசையை ஒரு அறை தள்ளி வைத்ததாகத்தான் முடியும்.

மாற்றம் செய்தபின் அளக்காமல் விடுவது. சீட்டை ஒரு மாதம் கழித்து மறுபடியும் கொடுக்க வேண்டும். இப்போது காத்திருப்புக் குறைவாம் என்ற பேச்சு சந்தையில் பரவினால் வருகிறவர் தொகையே கூடிவிடும். பழைய வருகையை வைத்து ஓட்டிய மாதிரியுரு அந்த நாளோடு காலாவதி. புதிய சீட்டுக்கட்டை வைத்து மறுபடி மூன்றாம் படியிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.